சக்கரக் கணக்கும் மண்ணின் கணக்கும்: குட்டி ரோபோவுக்குக் குட்டி நியூரல் நெட்வொர்க்

65 மி.மீ. சக்கரம், 34 மடங்கு கியர், மோட்டார் தண்டில் சுற்றுக்கு 11 துடிப்பு தரும் ஹால் என்கோடர் (சுற்றை எண்ணும் சென்சார்). அதன் இரு சிக்னலிலும் ஏறும், இறங்கும் விளிம்புகள் நான்கையும் எண்ணினால் சக்கரம் ஒரு முறை சுற்ற 1,496 எண்ணிக்கை வரும். ஒரு எண்ணிக்கைக்கு 0.14 மி.மீ. கூட இல்லை. காகிதத்தில் பார்த்தால் நகைக்கடைத் தராசு. அதே ரோபோவை மொரீஷியஸின் ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரை மணலில் விட்டு 3 மீட்டர் போகச் சொல்லுங்கள். சக்கரம் ஐந்தில் ஒரு பங்கு சறுக்கினால் 2.4 மீட்டரில் நின்றுகொண்டு, 3 மீட்டரும் முடிந்தது என்று சாதிக்கும். என்கோடர் தப்பாக எண்ணவில்லை. அது எண்ணுவது சக்கரத்தை, நமக்கு வேண்டியது தரை.

மொரீஷியஸில் இந்தத் தொல்லை கொஞ்சம் கூடுதல். கடற்கரையில் வெள்ளைப் பவள மணல், அதைத் தாண்டினால் தார், அப்புறம் எரிமலைக் கல் பொடிந்த ஜல்லி, அதற்கும் பின்னால் கரும்புத் தோட்டத்துச் செம்மண். எல்லாம் ஒரே நாளில் ஓட்டிப் பார்த்துவிடும் தூரத்தில்தான் இருக்கின்றன. காலேஜ் பிள்ளைகள் செய்யும் ரோபோக்கள் பெரும்பாலும் வகுப்பறை டைல்ஸில் பிஐடி (கேட்ட வேகத்துக்கும் வந்த வேகத்துக்கும் உள்ள பிழையைப் பார்த்து மோட்டாரைத் திருத்தும் கணக்கு) மதிப்புகளைச் சரிசெய்துவிட்டு வெளியே வருகின்றன. மண் மாறியதும் திணறுகின்றன. உடனே யாராவது, "மெஷின் லேர்னிங் போட்டால் சரியாகிவிடும்" என்பார்கள். சரியாகும்தான். ஆனால் எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

என் கட்சி இது: மோட்டாரை நியூரல் நெட்வொர்க்கின் கையில், அதாவது டேட்டாவைப் பார்த்துத் தானே கற்கும் கணக்கின் கையில், கொடுக்காதீர்கள். மோட்டாரை பிஐடியின் எளிய வடிவமான பழைய பிஐ கன்ட்ரோலே ஓட்டட்டும். கற்கும் மாடலுக்கு (நெட்வொர்க்கோ அதைவிட எளியதோ) இரண்டே வேலை. எந்தத் தரையில் இருக்கிறோம், எவ்வளவு சறுக்குகிறோம் என்று சொல்வது ஒன்று. எந்த சென்சாரை இப்போது எவ்வளவு நம்பலாம் என்று சொல்வது மற்றது. சூத்திரம் தெரிந்த இடத்தில் சூத்திரம், தெரியாத மிச்சத்துக்கு மட்டும் மாடல். 2019இல் ஜூரிச் ஈடிஎச் குழு அனிமல் என்ற நாலுகால் ரோபோவை சிமுலேஷனில் பழக்கி நிஜத்தில் நடக்க வைத்தபோதும் சூட்சுமம் இதை ஒட்டித்தான் இருந்தது. உடலின் இயக்கத்தை இயற்பியல் கணக்கே பார்த்துக்கொண்டது. கணக்கில் பிடிபடாத மூட்டு மோட்டார்களின் நடத்தையை மட்டும் நிஜ ரோபோவிலிருந்து டேட்டா எடுத்து ஒரு சின்ன நெட்வொர்க்குக்குக் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் நடையையும் கற்றலுக்கே விட்டார்கள் என்பது உண்மை. நம்மிடம் அந்த அளவு சிமுலேஷனும் இல்லை, தேவையும் இல்லை.

பாகங்களும் வயரிங்கும்

ஈஎஸ்பி32 போர்டு (ரோபோவின் மூளையான சிறு கணினி) ஒன்று. அதிர்வையும் திரும்புதலையும் அளக்கும் எம்பியு-6050 சென்சார் ஒன்று. ஐஎன்ஏ219 மின்னோட்ட சென்சார் இரண்டு, ஒன்று 0x40 முகவரியிலும் மற்றது 0x41 முகவரியிலும். டிபி6612 மோட்டார் டிரைவர் இரண்டு. 18650 லித்தியம் செல் இரண்டு, தொடர் இணைப்பில். எஸ்டி கார்டு மாட்யூல் ஒன்று. மோட்டார் இரண்டுக்கு டிரைவர் இரண்டு எதற்கு என்று கேட்கலாம். டிபி6612இன் இரு சேனலுக்கும் பவர் உள்ளே வரும் வழி ஒன்றே. ஒரே டிரைவர் போட்டால் இடது, வலது மின்னோட்டத்தைப் பிரித்து அளக்க முடியாது. மோட்டாருக்கு ஒன்றாகப் போட்டு, இரு சேனலையும் இணைத்துவிட்டால் சேனலுக்கு 1.2 ஆம்பியர் என்ற வரம்பும் இரட்டிப்பாகும். எல்298என் டிரைவர் வேண்டாம். அதுவே சுமார் 2 வோல்ட்டை விழுங்கிச் சூடாக்கிவிடும்.

ஐஎன்ஏ219 பேட்டரிக்கும் டிரைவருக்கும் நடுவில் உட்காருகிறது. அங்கே அளப்பது மோட்டார் மின்னோட்டம் இல்லை. பிடபிள்யூஎம் (மோட்டாருக்குப் பவரை வேகமாகப் போட்டு அணைக்கும் முறை) 40 சதவீதத்தில் ஓடும்போது பேட்டரிப் பக்கம் தெரிவது, மோட்டாரில் ஓடுவதில் ஏறக்குறைய 40 சதவீதம்தான். அதனால் மாடலுக்கு மின்னோட்டம் கொடுத்தால் டூட்டியையும் (பவர் போட்டிருக்கும் நேரத்தின் சதவீதம்) சேர்த்தே கொடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால், மெதுவாக மணலில் போவதும் வேகமாகத் தாரில் போவதும் மாடலுக்கு ஒன்றாகவே தெரியும்.

எம்பியு-6050ஐ ±2 ஜியில் விடாதீர்கள். ஜல்லியில் ஒவ்வொரு கல்லும் உச்சியை வெட்டிவிடும். ±4 ஜி போதும், ஜைரோ (திரும்பும் வேகத்தை அளக்கும் பகுதி) ±500 டிகிரி/நொடி. உள்ளே இருக்கும் வடிகட்டியை 44 ஹெர்ட்ஸ் நிலையில் வைத்து 200 ஹெர்ட்ஸில் படியுங்கள். வடிகட்டி இல்லாமல் 200இல் படித்தால், 100 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள கியர் இரைச்சல் மடிந்து கீழே வந்து மண்ணின் அதிர்வோடு கலந்துவிடும். பிறகு எந்த மாடலாலும் அதைப் பிரிக்க முடியாது.

இன்னொன்று, பலரும் கடைசி வரை கவனிக்காதது. மோட்டார் இரைச்சலில், சென்சார்களை போர்டோடு இணைக்கும் ஐ2சி லைன் சில நேரம் சிக்கி, ஐஎம்யூ (அதாவது எம்பியு-6050) ஒரே மதிப்பையே திரும்பத் திரும்பத் தரும். புரோகிராம் நிற்காது, டேட்டாவும் வந்துகொண்டே இருக்கும், ஆனால் செத்த டேட்டா. ஓடும் ரோபோவில் 16 பிட் சென்சாரின் ஆறு அச்சும் தொடர்ந்து பத்து முறை அச்சு அசலாக ஒரே எண்ணைத் தர வாய்ப்பே இல்லை. அப்படி வந்தால் அந்தத் துண்டைத் தூக்கிப்போட ஒரு வரி எழுதிவிடுங்கள். மோட்டார் முனைகளுக்குக் குறுக்கே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், முறுக்கிய மோட்டார் வயர், 15 செ.மீ.க்கு உட்பட்ட ஐ2சி வயர். பெரும்பாலும் இதிலேயே அடங்கிவிடும்.

சூத்திரத்துக்குத் தெரிந்ததைக் கற்றுக்கொடுக்க வேண்டாம்

எச்சி-எஸ்ஆர்04 ஒலி சென்சாரை வைத்திருப்பவர்கள் அனேகமாக 343 மீட்டர்/நொடி என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒலியின் வேகம் 331.3 உடன் 0.606 × வெப்பநிலை. மேட்டுநில ஊரான கியூர்பிப்பில் குளிரும் மழையுமாக 18 டிகிரி இருக்கும்போது 342. கீழே கடலோரப் போர்ட் லூயியில் 33 டிகிரி வெயிலில் 351. வித்தியாசம் 2.7 சதவீதம், 2 மீட்டருக்கு 5 செ.மீ.க்கு மேல். இதைத் திருத்த நெட்வொர்க் எதற்கு? வெப்பநிலை சென்சாரும் ஒரு வரிக் கணக்கும் போதும். சூத்திரத்தை விட்டுவிட்டு டேட்டாவை மட்டும் நம்பினால் மாடல் இதையும் சுற்றிவளைத்துக் கற்றுக்கொள்ளத்தான் பார்க்கும். மேட்டுநிலத்தில் மட்டும் டேட்டா எடுத்திருந்தால் கீழே இறங்கியதும் தோற்கும்.

ஜைரோவின் பூஜ்ஜிய நகர்வும் (அசையாதபோதும் அது காட்டும் எண்) அப்படியே. போர்டு வெயிலில் சூடாகும்போது நகரும். தொடக்கத்தில் 2 நொடி அசையாமல் வைத்துச் சராசரி எடுங்கள். பிறகு சக்கரம் நிற்கும் ஒவ்வொரு முறையும் அதைப் புதுப்பியுங்கள். இதற்கும் மாடல் வேண்டாம்.

மாடல் வேண்டிய இடம் விஎல்53எல்0எக்ஸ் போன்ற லேசர் தூர சென்சார். அது 940 நானோமீட்டர் அகச்சிவப்பில் வேலை செய்கிறது. நண்பகல் வெயிலிலும் அதே அலைநீளம் தாராளமாக இருக்கிறது. நிழலில் 2 மீட்டர் வரை பார்ப்பது, வெள்ளை மணலில் பக்கத்துச் சுவரையே தவறவிடும். இங்கே மாடலைத் தூரம் சொல்லச் சொல்லக்கூடாது, நம்பகத்தைச் சொல்லச் சொல்ல வேண்டும். சென்சார் திரும்பி வந்த ஒளியின் அளவையும் சுற்றுப்புற ஒளியின் அளவையும் தானே தருகிறது. இவை இரண்டு, ஒலி சென்சாரோடு உள்ள வேறுபாடு, முந்தைய அளவோடு உள்ள வேறுபாடு. இந்த நான்கை வைத்து ஒரு லாஜிஸ்டிக் ரிக்ரஷன் போதும், நெட்வொர்க் கூட வேண்டாம். அது தரும் 0 முதல் 1 வரையிலான எண்ணைக் கொண்டு கால்மன் வடிகட்டியில் (பல சென்சார் அளவுகளை அவற்றின் பிழைக்கேற்ப ஒன்றுசேர்க்கும் கணக்கு) அந்த அளவீட்டின் பிழை அளவைக் கூட்டிக் குறையுங்கள். நம்பகம் குறைந்தால் பிழை பெரிதாகும், வடிகட்டி அந்த அளவைத் தானாகவே ஒதுக்கிவிடும்.

உண்மையை எதை வைத்து அளப்பது

சறுக்கல் விகிதம் = 1 − (உண்மை வேகம் ÷ சக்கர வேகம்). சக்கர வேகம் கையில் இருக்கிறது. உண்மை வேகத்துக்கு ஒரு போன் கேமரா போதும். தரையிலிருந்து 2.5 மீட்டர் உயரத்தில் கீழ்நோக்கிக் கட்டினால் சுமார் 3 மீட்டர் நீளம் தெரியும். ரோபோவின் முதுகில் 10 செ.மீ. ஆருகோ மார்க்கர் (கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் கொண்ட அடையாள அட்டை) ஒட்டுங்கள். ஓப்பன்சிவி என்ற பட அலசல் மென்பொருள் இடத்தையும் திசையையும் தந்துவிடும்.

எளிதாகத் தெரிகிறது. கெடுவதற்கும் வழிகள் உண்டு. மார்க்கரை லேமினேட் செய்யாதீர்கள், வெயில் பளபளப்பில் கறுப்புக் கட்டம் வெள்ளையாகிவிடும். பவள மணலின் வெளிச்சத்தில் போனின் தானியங்கி எக்ஸ்போஷர் ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். அதைப் பூட்டி, ஒரு படி இருட்டாகவே வையுங்கள். மார்க்கர் தரையில் இல்லை, 12 செ.மீ. மேலே இருக்கிறது. அளவுகோலைத் தரையில் வைத்து மீட்டர் கணக்குப் போட்டால் 2.5 மீட்டர் உயரத்துக்கு 5 சதவீதம் பிழை. சறுக்கலைத் தேடும் இடத்தில் 5 சதவீதம் என்பது பாதி விடை. போன் வீடியோவில் ஃபிரேம்கள் சம இடைவெளியில் வருவதில்லை. 30ஆல் வகுக்காமல் ஒவ்வொரு ஃபிரேமின் நேர முத்திரையையும் எடுங்கள்.

கேமராவின் கடிகாரத்தையும் ரோபோவின் கடிகாரத்தையும் ஒட்டவைக்க ஒரு வழி. ஒவ்வொரு ஓட்டத்தின் தொடக்கத்திலும் ரோபோ நின்ற இடத்திலேயே இடது, வலது, இடது என்று மூன்று தரம் திரும்பட்டும். கேமராவில் திசை மாறும் வேகத்தையும் ஜைரோவின் செங்குத்து அச்சையும் ஒன்றன்மேல் ஒன்றாக நகர்த்தி, ஒப்புமை உச்சமாகும் இடத்தைப் பிடித்தால் நேர வேறுபாடு கிடைத்துவிடும்.

லேபிள் வைக்கும்போது சொற்களே வேண்டாம், எண் மட்டும். ஒருவர் "மணல்" என்பார், அடுத்தவர் கிரியோலில் "டிசாப்" என்பார், மூன்றாமவர் பிரெஞ்சில் "சாப்ள்" என்பார். மூன்றும் மூன்று வகை மண்ணாகப் போய் உட்காரும். 0 தார், 1 மணல், 2 ஜல்லி, 3 செம்மண். முடிந்தது.

டேட்டாவை வைஃபையில் அனுப்புவதைவிட எஸ்டி கார்டில் எழுதுவது நல்லது. 200 ஹெர்ட்ஸில் வரிக்கு 32 பைட் என்றால் மணிக்கு 23 எம்பி, ஒன்றுமே இல்லை. ஆனால் கார்டு சில நேரம் எழுதும்போது நூறு மில்லிசெகண்ட் வரை மாட்டிக்கொள்ளும். நடுவில் ஒரு வளைய பஃபர் (தற்காலிக நினைவகம்) வைத்து வேறு டாஸ்க் எழுதட்டும். கன்ட்ரோல் லூப் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மாடல் ஏமாறும் விதங்கள்

மின்னோட்டமும் டூட்டியும் பேட்டரியைப் பொறுத்தவை. முழு சார்ஜில் 8.4 வோல்ட், வேலை முடியும்போது 7க்குக் கீழே. காலையில் தாரில் டேட்டா எடுத்துவிட்டு, அதே பேட்டரியோடு மாலையில் மணலுக்குப் போனால், மாடல் கற்றுக்கொள்வது மணலை அல்ல, தாழ்ந்த பேட்டரியை. சோதனையில் 98 சதவீதம் காட்டும். புதிதாக சார்ஜ் ஏற்றி மணலில் விட்டால் "தார்" என்று சொல்லும். ஒவ்வொரு தரைக்கும் முழு பேட்டரியிலும் பாதியிலும் கடைசியிலும் டேட்டா வேண்டும், வரிசையைக் குலைத்து எடுக்க வேண்டும்.

வேகமும் அதே கதை. மணலில் மெதுவாகவும் தாரில் வேகமாகவும் ஓட்டுவது இயல்பு. அந்த இயல்பையே மாடல் பிடித்துக்கொள்ளும். எல்லாத் தரையிலும் 0.1இலிருந்து 0.5 மீட்டர்/நொடி வரை ஓட்டுங்கள்.

பயிற்சி, சோதனை என்று பிரிக்கும்போது ஜன்னல்களை (தொடர்ந்து வரும் சாம்பிள்களின் துண்டுகளை) கலைத்துப் போட்டுப் பிரிக்கவே கூடாது. 128 சாம்பிள் ஜன்னலை 32 சாம்பிள் நகர்த்தினால் பக்கத்து ஜன்னலோடு 75 சதவீதம் ஒன்றே. வினாத்தாளை முன்னாடியே கொடுத்துவிட்டு மார்க் போடுகிற வேலை அது. ஓட்டத்தை முழுசாகப் பிரியுங்கள். முடிந்தால் ஒரு கடற்கரையை முழுசாக ஒதுக்கி வைத்து அங்கே மட்டும் சோதியுங்கள்.

நனைந்த செம்மண் தனி வகை. கியூர்பிப் பக்கம் மழை விட்டதும் ஓட்டினால் மண் டயரில் அப்பிக்கொள்ளும். சுற்றிலும் 2 மி.மீ. ஒட்டினால் 65 மி.மீ. விட்டம் 69 ஆகிறது, 6 சதவீதம் கூடுதல். சக்கரம் சறுக்காமல் உருண்டால் ரோபோ கணக்கைவிட அதிக தூரம் போய்விடும். சறுக்கல் விகிதம் மைனஸ் 0.06. இந்த எண்ணைப் பார்த்துவிட்டு, கேமரா தப்பு என்று டேட்டாவிலிருந்து நீக்கிவிடுகிறவர்கள் உண்டு. நீக்காதீர்கள், அதுவும் உண்மைதான். வெளியீட்டை 0இல் வெட்டும் ஆக்டிவேஷனும் வைக்காதீர்கள். பிறகு மாடல் மைனஸைச் சொல்லவே முடியாமல் போகும்.

ஜூன் முதல் டிசம்பர் வரை கரும்பு வெட்டு நடக்கும் மாதங்களில் தோட்டத்துத் தரையை சோகை (காய்ந்த கரும்பு இலை) மூடியிருக்கும். அது சக்கர அச்சில் சுற்றிக்கொண்டால் மின்னோட்டம் மணலைப் போலவே ஏறும், ஆனால் அச்சில் சுற்றியது ஓடஓடக் கூடும், குறையாது. இதை ஐந்தாவது தரையாக வைக்க வேண்டியதில்லை. வெறும் காற்றில் சக்கரத்தைத் தூக்கி ஓட்டும்போதுள்ள மின்னோட்டத்தைக் குறித்துவைத்து, ஓட்டத்துக்கு முன் ஒரு தரம் ஒப்பிட்டால் போதும். கத்தரிக்கோல் ஒன்று பையில் இருக்கட்டும்.

மாடல் எவ்வளவு பெரிது

மிகச் சிறிது. 0.64 நொடி ஜன்னலுக்குப் பதினான்கு எண்கள்: செங்குத்து அதிர்வின் திட்ட விலக்கம், அதே அதிர்வின் ஆற்றல் மூன்று பட்டைகளில் (2–8, 8–20, 20–45 ஹெர்ட்ஸ்), முன்பின் அதிர்வின் விலக்கம், முன்பின் சாய்வு வேகத்தின் விலக்கம், இரு மோட்டார் மின்னோட்டத்தின் சராசரியும் விலக்கமும், இரு டூட்டியின் சராசரி, சக்கர வேகம், கடைசியாக ஜைரோ சொல்லும் திரும்பு வேகத்துக்கும் என்கோடர் சொல்லும் திரும்பு வேகத்துக்கும் உள்ள வேறுபாடு. இந்தக் கடைசி எண்தான் பெரிய உதவி. ஒரு சக்கரம் மட்டும் சறுக்கினால் அது உடனே காட்டிக்கொடுக்கும்.

14 உள்ளீடு, நடுவில் 24, 16 முனைகள் கொண்ட இரண்டு அடுக்கு, பிறகு 5 வெளியீடு. நான்கு தரை, ஒரு சறுக்கல். நெட்வொர்க் கற்க வேண்டியது மொத்தம் 845 எண்கள். இதற்கு டென்சர்ஃப்ளோ லைட் போன்ற மாடல் ஓட்டும் மென்பொருளும் வேண்டாம், 8 பிட்டாகச் சுருக்கும் சடங்கும் வேண்டாம். ஈஎஸ்பி32இல் ஃப்ளோட் (32 பிட் தசம எண்) கணக்குக்கு வன்பொருள் இருக்கிறது. இரண்டு ஃபார் லூப் எழுதினால் ஒரு மில்லிசெகண்டுக்குள் முடிந்துவிடும். டபுள் (64 பிட்) மட்டும் கூடாது, அது மென்பொருளில் ஊர்ந்து போகும். எண்களுக்குப் பின்னால் ஒரு எஃப் போடுவதற்கு அவ்வளவு மதிப்பு.

கம்ப்யூட்டரில் ஒருவிதமாகவும் போர்டில் வேறுவிதமாகவும் இந்தப் பதினான்கையும் கணக்கிடுவதுதான் இந்த வேலையில் அதிகம் நேரம் தின்னும் பிழை. ஒன்றில் ஜி, மற்றதில் சென்சார் தரும் பச்சை எண். ஒன்றில் 128ஆல் வகுத்தல், மற்றதில் 127ஆல். மாடல் சரியாக இருக்கும், விடை மட்டும் உளறலாக இருக்கும். அந்தக் கணக்கை சி மொழியில் ஒரே ஒரு தரம் எழுதி, பைத்தானிலிருந்தும் சிடைப்ஸ் என்ற நூலகம் வழியாக அதையே கூப்பிடுங்கள்.

கன்ட்ரோலோடு இணைப்பது

சக்கரத்துக்கு ஒரு பிஐ, 100 ஹெர்ட்ஸ், ஈஎஸ்பி32இன் இரண்டு கோரில் ஒன்றில் பூட்டியபடி. மாடலும் எஸ்டி கார்டும் மற்ற கோரில். மாடல் மாற்றக்கூடியவை இரண்டே: தரைக்கேற்ப முன்கூட்டியே கொடுக்கும் டூட்டி, சறுக்கலை ஈடுகட்டும் வேகத் திருத்தம். இரண்டாவதுக்கு ±15 சதவீதம் என்று வேலி போடுங்கள், நொடிக்கு இவ்வளவுதான் மாறலாம் என்றும் கட்டுங்கள்.

வேலி எதற்கு என்றால், இதில் ஒரு பொறி இருக்கிறது. சறுக்குகிறது என்று மாடல் சொல்கிறது, வேகத்தைக் கூட்டுகிறோம், அதனால் இன்னும் சறுக்குகிறது, இன்னும் கூட்டுகிறோம். மணலில் ரோபோ குழி தோண்டி அச்சு வரை இறங்கிவிடும். சறுக்கல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் திருத்தத்தின் திசையையே மாற்ற வேண்டும். வேகத்தைக் குறை, அதற்கும் அடங்காவிட்டால் நின்று பின்வாங்கு. இந்த விதியை மாடலுக்குக் கற்றுக்கொடுக்க முயலாதீர்கள், இஃப் போட்டு எழுதுங்கள்.

தாரும் மணலும் சந்திக்கும் ஓரத்தில் விடை மாறிமாறி அடிக்கும், மோட்டாரும் கூடவே துடிக்கும். தொடர்ந்து மூன்று ஜன்னலில் ஒரே விடை, அதுவும் 0.7க்கு மேல் உறுதியோடு இருந்தால் மட்டும் தரையை மாற்றுங்கள். தாமதம் கூடும்தான். 0.3 மீட்டர்/நொடியில் ஒரு ஜன்னலின் நீளமே 19 செ.மீ. எனவே திடீரென்று சிக்கிக்கொள்வதைப் பிடிக்க மாடலை நம்ப வேண்டாம். மின்னோட்டம் வரம்பைத் தாண்டி 50 மில்லிசெகண்ட் நின்றால் டூட்டியைக் குறைக்கும் பழைய பாதுகாப்பு விதி கீழே தனியாக ஓடிக்கொண்டே இருக்கட்டும்.

மாடலை இணைத்த பிறகு ஒரு வேலை பாக்கி. மாடல் பழகியது பழைய கன்ட்ரோல் ஓட்டிய டேட்டாவில். இப்போது மணலில் டூட்டி முன்கூட்டியே ஏறுகிறது, மின்னோட்டத்தின் வடிவமே வேறு. அதனால் புதிய கன்ட்ரோல் ஓடும் நிலையில் எல்லாத் தரையிலும் மறுபடி டேட்டா எடுத்து, பழையதோடு சேர்த்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். ஒரு சுற்று கட்டாயம், இரண்டு சுற்று நல்லது. புதிய ஊருக்குக் கொண்டுபோகும்போது திருத்தத்தின் வேலியை முதலில் 0இல் வையுங்கள். டூட்டிக்கும் வகுப்பறை டைல்ஸில் சரிசெய்த அட்டவணையே இருக்கட்டும். மாடல் ஓடும், கார்டில் விடையை எழுதும், மோட்டாரைத் தொடாது. மாலையில் கேமராவோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, பொருந்தினால் 5, பிறகு 10, பிறகு 15 சதவீதம் திறந்துவிடுங்கள்.